பியூட்டுக்குப் போன மலாக்கி

ஜூன் 11, 2019, செவ்வாய்

இந்த வாரத்தில் இது மூன்றாவது அமெரிக்கக் கடிதம். நான் செயலாளராக இருக்கும் கோவிலின் பங்கு அலுவலகக் கணினியைத் திறந்தாலே யாராவது ஒருவர் தன் முன்னோரைக் கேட்டு நிற்கிறார். எல்லோருடைய முன்னோரும் பட்டினியில் வாடியவர்கள், நிலப்பிரபு விரட்டியதால் போனவர்கள், கப்பலில் ஜெபமாலை சொன்னவர்கள். அயர்லாந்தின் இந்த மேயோவை விட்டுச் சும்மா சலித்துப்போய்க் கிளம்பியவன், மாமியாருக்குப் பயந்து ஓடியவன், ஒருவன்கூட இல்லையாம். அத்தனை உத்தமர்களும் கப்பலேறிய பிறகு மிச்சமிருந்த கழிசடைகளின் வம்சம்தான் நாங்கள் போலிருக்கிறது.

இன்றைய அம்மாளின் பெயர் லொரெட்டா ஹாகன். மொன்டானாவில் பியூட் நகரம். எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார், இதுவரை முந்நூற்று நாற்பது பக்கம். (நல்லவேளை, இதுவரைதான்.) அவருடைய கொள்ளுத்தாத்தா 1862இல் எங்கள் கில்டாரா பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர். பதிவைப் பார்க்க அடுத்த வாரம் நேரிலேயே வருகிறாராம். பெயரைப் படித்ததும் எனக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

மலாக்கி லாஃப்டஸ்.

என் கொள்ளுத்தாத்தாவும் அவன்தான்.

ஜூன் 12

கோபத்தில் எதையாவது மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

1886, தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்வரை ஊர் கேலி செய்யும் என்பதால் பாதிக் கல்யாணம் அன்றுதான் நடக்கும். மலாக்கி சபினாவைக் கட்டினான். டிசம்பரில் என் தாத்தா ஆன்டனி பிறந்தார். அடுத்த ஏப்ரலில் மலாக்கி அமெரிக்கா புறப்பட்டான். அந்தக் காலத்து வழக்கப்படி, போகிறவனுக்கு முதல் நாளே இழவு கொண்டாடினார்கள். ஒப்பாரி, புகையிலை, விஸ்கி, பிடில், எல்லாம் உண்டு. பிணம் மட்டும் எழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றானாம். ஐந்தாம் வருஷம், பியூட் சுரங்கத்தில் வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சேதி வந்தது: மலாக்கிக்கு அங்கே ஒரு ஜெர்மன்காரியோடு கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் ஊருக்கே தெரியும். எங்கள் ஊரில் ரகசியம் என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்திருக்கும், யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். சபினா இந்த ஊரிலேயே 1934வரை இருந்து செத்துப்போனாள்.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் நகை எதுவும் பெரிதாக வந்ததில்லை. இந்த வன்மம் மட்டும் குறையாமல் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு யாராவது வராவிட்டால் அம்மா, "எங்க, பியூட்டுக்குப் போய்ட்டானா?" என்பாள். என் அண்ணன் ஃபின்டனிடம் ஒரு கடா ஆடு இருக்கிறது, எந்த வேலியும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதன் பெயர் மலாக்கி.

ஜூன் 14

ஃபின்டனிடம் சொன்னேன். ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவேயில்லை.

"வரட்டும். நல்லா வரட்டும். கோவில்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு நான் சொல்றேன், உங்க தாத்தன் என்ன லட்சணம்னு."

"நீ கடைசியா கோவிலுக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"இதுக்குன்னா வருவேன்."

ஐயோ, விசுவாசம் எந்தெந்த வழியில் எல்லாம் திரும்பி வருகிறது!

ஜூன் 20

லொரெட்டா வந்து இறங்கினார். செருப்பு போட்ட கால், மேலே மழைக்கோட்டு, கையில் சுருட்டிய காகிதம். அந்தக் காகிதத்தை விரித்தபோது மூன்று மேஜை போதவில்லை. குடும்ப மரமாம். தலையணை மாதிரி ஒரு ரொட்டியும் கொண்டுவந்தார், தங்கியிருக்கும் விடுதியின் இரவல் அடுப்பில் அவரே சுட்டது.

எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் எமேகா நைஜீரியாவிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எல்லோரையும் நம்பும் ஒரே மனிதர் அவர்தான். லொரெட்டா கேட்டதற்கெல்லாம் சரி சொல்லிவிட்டார். ஜூலை 28 கல்லறை ஞாயிறு. ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி நிற்க, சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளிக்கும் நாள். அன்று மலாக்கிக்கு ஒரு நினைவுக்கல் வைத்து மந்திரிக்க வேண்டுமாம். கல் வெட்டக் கொடுத்தாயிற்று. அதில் வரப்போகும் வாசகத்தை எனக்குப் படித்துக் காட்டினார்:

"மலாக்கி லாஃப்டஸ், வில்ஹெல்மினாவுக்கு இருபத்தேழு ஆண்டுகள் உண்மையான கணவர்."

நான் சிரித்த முகத்தோடு இருந்தேன். இந்த வேலையில் அது ஒன்றுதான் கற்றுக்கொண்டேன்.

பிறகு மரத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கிளையாகக் காட்டினார். மலாக்கிக்கு வலது பக்கத்தில் ஒரு சின்னக் கிளை. "சபினா. தங்கை. மணமாகாதவர். ஒரு மகன், தகப்பன் பெயர் தெரியவில்லை."

நான் குனிந்து மறுபடி படித்தேன்.

"இது யாரு?" என்றேன், யாரோ கேட்பது போல.

லொரெட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம் அந்தப் பொண்ணு. எங்க கொள்ளுப்பாட்டி வில்ஹெல்மினா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த நாத்தனாருக்குக் கடுதாசி போடுவாங்களாம். முதல் குழந்தை பொறந்தப்ப இங்கேர்ந்து ஒரு குல்லா வந்துது, ஊசில பின்னினது. கூடவே ஒரு சீட்டு: 'என் மகன் போட்டுக்கிட்டது, உன் மகனுக்கும் ஆகட்டும்'னு. எங்க வீட்ல எல்லாக் குழந்தைக்கும் அந்தக் குல்லாவைப் போட்டுத்தான் ஞானஸ்நானம். எனக்கும்தான். அதுக்கப்புறம்தான் யோசிச்சிருக்காங்க, கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு மகன் எங்கேர்ந்துன்னு. எங்க குடும்பத்துல யாரும் அதைத் தப்பா எடுத்துக்கலை, அசம்ப்டா. நாங்க எல்லாரும் அவங்களை மன்னிச்சிட்டோம்."

மன்னித்துவிட்டார்களாம்.

நான் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். பாதி தட்டில்தான் விழுந்தது.

ஜூன் 21

தங்கை. தங்கையாம்! கட்டினவளைத் தங்கைனு சொல்லிட்டுப் போயிருக்கான் படுபாவி.

ஜூன் 25

நானே ஞானஸ்நானப் பதிவின் நகலை எடுத்துக் கொடுத்தேன், முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு. கல்யாணப் பதிவேடு அதே அலமாரியில், ஒரு சாண் தள்ளி இருக்கிறது. கேட்டதைத்தானே கொடுக்க முடியும்? அவர் அதைக் கேட்கவில்லை. மனிதர்கள் தாங்கள் அறியாததைக் கேட்பதில்லை, இதுதான் என் போன்ற குமாஸ்தாக்களின் பலம்.

லொரெட்டா அந்தப் பக்கத்துக்கு முத்தம் கொடுத்தார். லத்தீனில் இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் முத்தம்.

ஜூலை 3

கல்லறை ஞாயிற்றுக்கு முன்னால் ஊர் முழுக்கக் கல்லறை தேய்க்கிற வேலை. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவனும் இந்த மூன்று வாரம் வாளியும் தூரிகையுமாக வந்து நிற்பான். பக்கத்துக் கல்லறைக்காரன் தேய்த்துவிட்டால் மானம் போய்விடுமே!

நான் சபினாவின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சபினா லாஃப்டஸ், 1934." அவ்வளவுதான். இன்னாரின் மனைவி என்று இல்லை. அப்படிப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டுப் போனாளாம்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். லொரெட்டா கல்லைப் படித்துவிட்டார்.

"இது நம்ம சபினாவா? தங்கச்சி சபினாவா?"

நம்ம!

"இங்க லாஃப்டஸ் நிறையப் பேரு," என்றேன். "கல்ல விட்டெறிஞ்சா ஒரு லாஃப்டஸ் மேலதான் விழும்."

அவர் கேட்கவில்லை. அந்த வயதில் ஈரப் புல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கித் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் தேய்த்தார். எழுத்துக்குள் இருந்த பாசியைத் தன் விரல் நகத்தால் எடுத்தார். தேய்த்துக்கொண்டே, "தனியா ஒரு புள்ளைய வெச்சிக்கிட்டு இந்த ஊர்ல என்ன பாடு பட்டாங்களோ," என்றார்.

அந்த அம்மாளைப் பிடிக்காமல் இருப்பதற்கு நான் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூலை 9

ஃபாதர் எமேகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனமாக இல்லை, தேநீரோடுதான். அவர் தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"என் தாத்தாவுக்கு மூணு பொண்டாட்டி, அசம்ப்டா. மூணு பேரும் ஒரே முற்றம். தினம் சண்டைதான், ஆனா யார் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். உங்காளுங்க ரெண்டு பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு கடலையே வெச்சிட்டாங்க."

"அந்தக் கல்லை நீங்க மந்திரிப்பீங்களா, ஃபாதர்?"

"பொய்னு தெரிஞ்சப்புறம் மந்திரிக்க மாட்டேன். ஆனா ஏன் மந்திரிக்கலைன்னு நான் அந்தம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

எனக்குத் தெரியாதா? எல்லா வேலையும் பங்குச் செயலாளர் வேலைதான்.

ஜூலை 12

முடிவு பண்ணிவிட்டேன். கல்யாணப் பதிவின் நகல் எடுத்து, தமக்கை தங்கை எல்லாம் இல்லை, மனைவி, சட்டப்படி, இரண்டு சாட்சி முன்னால், என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து உறையில் போட்டிருக்கிறேன். மணமாகாமல் பிள்ளை பெற்றது யார் என்று அந்த மரத்தை இனி அவரே திருத்தி வரைந்துகொள்ளட்டும். முந்நூற்று நாற்பது பக்கமும் போகட்டும்.

ஃபின்டனுக்கு இது போதவில்லை. "அந்தம்மா சொல்லுவா, சபினா புருஷன் செத்துட்டான்னு நெனச்சாங்க, அதான் தேடாம விட்டுட்டாங்கன்னு. சபினாவுக்கு அவன் உயிரோட இருக்கான்னு தெரியும்கறதுக்கு ஆதாரம் வேணும்."

அவனுக்கும் சில சமயம் மூளை வேலை செய்கிறது. ஆதாரம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நவம்பர் பட்டியல்.

ஒவ்வொரு நவம்பரிலும் வீட்டுக்கு வீடு தங்கள் இறந்தவர்களின் பெயரை எழுதி உறையில் போட்டுப் பீடத்தில் வைப்போம். மாதம் முழுக்க அவர்களுக்குப் பூசை. சபினா ஒருமுறைகூட அவன் பெயரைப் பட்டியலில் எழுதவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். கணவன் செத்துவிட்டான் என்று நம்புகிற ஒருத்தி அப்படிச் செய்ய மாட்டாள், இந்த ஊரில் வளர்த்த நாய் பெயரைக்கூட நுழைக்கப் பார்ப்பார்கள்.

ஜூலை 16

1940வரை இங்கே இருந்த சாமியார் எதையும் தூக்கி எறியாதவர். பூசைச் சாமான் வைக்கும் சக்ரீஸ்து அறை அலமாரியின் மேல்தட்டில் மெழுகுவர்த்தி முனைகளோடும் நூல்கண்டுகளோடும் பட்டியல்கள் வருஷவாரியாகக் கட்டியிருந்தன. எலி தின்றது போக மிச்சம்.

சபினாவின் கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பெண் எழுதியது மாதிரி. 1892: அப்பா, அம்மா, ஒரு தம்பி. மலாக்கி இல்லை. 1900, இல்லை. 1910, இல்லை. நான் உட்கார்ந்து வெற்றிக் களிப்போடு ஒவ்வொன்றாக விரித்தேன். சபாஷ் சபினா!

1918. அப்பா, அம்மா, தம்பி. அதற்குக் கீழே:

வில்ஹெல்மினா.

இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை. இந்தப் பங்கில் இருநூறு வருஷத்துப் பதிவேடும் என் கையில் இருக்கிறது. பிரிஜிட் நானூறு பேர், மேரி கணக்கே இல்லை. வில்ஹெல்மினா ஒருத்திகூடக் கிடையாது. லொரெட்டாவின் மரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு மனப்பாடம். வில்ஹெல்மினா இறந்தது 1918 ஜூன்.

1919, வில்ஹெல்மினா. 1920, வில்ஹெல்மினா. வருஷம் தவறாமல்.

1926இல் மலாக்கி செத்தான். அந்த நவம்பரில் அவன் பெயரும் இருக்கிறது. அம்மா சொன்னது தப்பு. வில்ஹெல்மினாவுக்குக் கீழே, கடைசியாக, காகிதம் முடிகிற இடத்தில், இடம் மிஞ்சியதே என்று எழுதியது போல.

ஜூலை 17

தூங்கி எழுந்தும் கோபம் போகவில்லை. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

சபினாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவனுக்காக அவள் தங்கையாகவே இருந்துவிட்டாள். ஏன்? அந்த ஜெர்மன்காரிக்குத் தெரிந்தால் அவள் வீடும் உடையும் என்றா? தன்னிடம் அன்பாகக் கடிதம் போடுகிறவளை விட மனமில்லாமலா? பிடிவாதமா? தன் பிள்ளைக்குப் பின்னின குல்லாவை அனுப்பியிருக்கிறாள், சக்களத்தியின் பிள்ளைக்கு! 'என் மகன் போட்டுக்கிட்டது' என்று ஒரு வரி மட்டும். அதுகூட ஒரு குத்தல்தானோ என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

நூற்று முப்பது வருஷமாக அவள் சார்பில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். அவளோ எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் விஷயத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கோபம் அது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஜூலை 18

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று காலையில் தோன்றியது. சபினா மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் நான் சபினா இல்லை. அவளைத் தகப்பன் தெரியாத பிள்ளைக்குத் தாய் என்று ஒரு புத்தகத்தில் அச்சடிக்கப் போகிறார்கள். அதை மட்டும் விட முடியாது.

லொரெட்டாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். முதலில் கல்யாணப் பதிவு. அப்புறம் 1918 பட்டியல். அப்புறம் 1926. நான் தட்டச்சு செய்த பக்கத்தைக் கொடுக்கவில்லை, அதில் என் விஷம் நிறைய இருந்தது.

லத்தீன் தெரியாதவருக்கும் இரண்டு பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புரியும். லொரெட்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ, அப்பன் பேர் இல்லாத புள்ளை எங்க தாத்தாதான்."

 இந்த நிமிஷத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். நன்றாகவே இல்லை.

"நாங்க உக்காந்து அவங்களை மன்னிச்சிட்டிருந்தோம், அசம்ப்டா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேச்சு வரும். பாவம் சபினா, பாவம் சபினான்னு." 1918 பட்டியலை விரலால் நீவினார். "அவங்க பேரப்புள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்கேன்."

"என்னது?"

"நான்தான். கொள்ளுப்பேத்தி. அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் மோசம்."

"மொத நாளே ஏன் சொல்லலை நீ?"

"ரொட்டி கொண்டுவந்துட்டீங்களே."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஐயோ, கல்லு! வெட்டியாச்சே!"

ஜூலை 22

கல் வந்து இறங்கிவிட்டது. பளபளவென்று, ஆழமாக, அழகாக: உண்மையான கணவர். புதுக்கல் வேண்டுமென்றால் செப்டம்பர் ஆகும் என்கிறார் கல்வெட்டுகிறவர். லொரெட்டா வெறும் தரையை மந்திரித்தாலே போதும் என்கிறார்.

ஃபின்டன் டிராக்டரோடு வந்து கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தான். லொரெட்டாவைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தான்.

"இந்தப் பக்கம் சும்மாதானே இருக்கு," என்றான்.

"எந்தப் பக்கம்?"

"அடிப்பக்கம். திருப்பிப் போட்டு எழுதச் சொல்லு. பொய் மண்ணைப் பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும். புழு படிச்சிக்கும்."

லொரெட்டா அவனைக் கட்டிக்கொண்டார். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், போலீஸ்காரரைப் பார்த்த திருடன் மாதிரி.

ஜூலை 28, கல்லறை ஞாயிறு

மழை. வழக்கம்போல.

கல் சபினாவின் கால்மாட்டில் படுத்திருக்கிறது. மூன்று பெயர், மூன்று வருஷம். சபினா, வில்ஹெல்மினா, மலாக்கி, இந்த வரிசையில். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஊரில் எல்லோரும் வந்து குனிந்து படித்தார்கள், எல்லோருக்கும் புரிந்தது, யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஃபாதர் எமேகா இந்தக் கல்லுக்கு மட்டும் மூன்று தடவை தீர்த்தம் தெளித்தார். மூணு பேருக்கும் சமமாக இருக்கணுமில்ல, என்றார் என்னிடம்.

ஃபின்டன் கடைசி வரிசையில் தொப்பியோடு நின்றான். தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் வந்தான்.

ஆகஸ்ட் 2

லொரெட்டா கிளம்பிவிட்டார். பெட்டியைத் திறந்து மெல்லிய தாளில் சுற்றிய அந்தக் குல்லாவை என் கையில் வைத்தார். "உங்க வீட்டுதுதானே." நான் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தினார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். எனக்கும் ஃபின்டனுக்கும் அதைப் போட்டுவிட ஒரு குழந்தைகூடக் கிடையாது, ஆட்டுக்கா போடுவது? அவருக்குத்தான் அக்டோபரில் கொள்ளுப்பேரன் பிறக்கப் போகிறான்.

ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 1

லொரெட்டாவிடமிருந்து படம் வந்திருக்கிறது. குல்லா குழந்தையின் கண்ணை மறைக்கிறது. பெண் குழந்தை. சபினா என்று பெயர். முந்நூற்று நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து எழுதுகிறாராம், கடவுள் நம்மைக் காப்பாற்றட்டும்.

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, ஆன்டனி தாத்தா, சபினா. கொஞ்சம் யோசித்து வில்ஹெல்மினாவையும் எழுதினேன். உறையை ஒட்டப் போகும்போது ஃபின்டன் சேற்றுக் காலோடு உள்ளே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஒரு பேரு விட்டுட்டியே."

"தெரியாம விடலை."

பேனாவை வாங்கிக் குனிந்தான். அவன் எதையாவது எழுதிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, காகிதத்தின் அடியோரத்தில், எழுத்தெழுத்தாக எழுதினான்: மலாக்கி.

"கடைசியாத்தான் போட்டிருக்கேன்," என்றான். "அங்கயே இருக்கட்டும்."

உறையை ஒட்டிவிட்டேன். வெளியே கடா ஆடு மறுபடி வேலியைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது. ஃபின்டன் மேட்டில் நின்று அதைக் கூப்பிடுவது கேட்கிறது. வெறும் பெயரை மட்டும், திட்டில்லாமல்.